கறை படாத கவுன்

உக்காருங்க அம்மிணி. அந்தச் சேர் வேண்டாங்க, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. மேடம் நாலு மணிக்குத்தான் வருவாங்க. புள்ளைய சேக்கற பாரம் அவங்க கையாலதான் குடுக்கணும். அது வரைக்கும் நான்தான் இருப்பேன். ருக்குமணின்னு பேரு. இந்தக் காப்பகத்துல ஆறு வருசமா ஆயாவா இருக்கேனுங்க. உள்ள எல்லாம் தூங்குதுங்க. மெதுவாப் பேசலாம்.

பையனுக்கு எத்தனை மாசம்? எட்டா? நல்லா கொழுகொழுன்னு இருக்கான். ஊட்டுங்க, ஊட்டுங்க, அவனுக்குப் பசி நேரம். இட்லிதானே, கீழ சிந்தினா நான் தொடைச்சுக்கறேன்.

அது என்னங்க கழுத்துல? ஊட்டறப்பக் கட்டற பிப்பா? நாடா வெச்சதுங்களா? பின்னாடி முடிச்சுப் போட்டிருக்கீங்களா, சுருக்கா? ஒண்ணுமில்லைங்க, சும்மா கேட்டேன். ஊட்டி முடிச்சதும் கழட்டிருவீங்கல்ல? கழட்டிருங்க. மறக்காதீங்க. அந்த நாடாவைப் பாத்தா எனக்குக் கண்ணு வேற பக்கம் போகாதுங்க.

சொல்லிர்றேன். நீங்க இங்க புள்ளைய விடறதுக்கு வந்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியணும். மேடம் சொல்லக் கூடாதுன்னிருக்காங்க. ஆனாலும் சொல்றேன். பயப்படாதீங்க. எவ்வளவு கவனமா இருப்பேன்னு தெரியறதுக்குத்தான் சொல்றேன்.

போன வருசம் சித்திரையில நடந்ததுங்க. அப்ப பதினோரு புள்ளைங்க. எல்லாம் சுத்து வட்டாரத்துல பனியன் கம்பெனிக்குப் போறவங்க புள்ளைங்க. காலையில எட்டரைக்கு விடுவாங்க, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. மேடம் பேரு வத்சலா. அவங்க ஒரே ஒரு விசயத்துல கறாரு. புள்ள எப்படி வந்துச்சோ அப்படியே திரும்பிப் போகணும். துணியில ஒரு பொட்டு கறை இருக்கக் கூடாது. ஒரு தடவை ஒரு அம்மா வெள்ளைச் சட்டையில பீட்ரூட் கறையோட புள்ளையப் பாத்துட்டு, வாசல்லயே நின்னு சத்தம் போட்டுட்டாங்க. அன்னிக்கு மேடம் என்னைக் கூப்பிட்டு, "ருக்கு, கறைன்னு இன்னொரு பேச்சு வந்தா நீ வேற எடம் பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டாங்க.

எனக்கு வேற எடம் எங்கங்க? டெய்லர் வேலைக்குக் கண்ணு தெரியலைன்னுதானே இங்க வந்தேன்.

நீங்களே சொல்லுங்க. ஒரு வயசுப் புள்ளைங்க பத்து பதினொண்ணு ஒண்ணா உக்காந்து சோறு தின்னா எப்படி இருக்கும்? பருப்புச் சோத்தை வாயில வெச்சா தலையில தடவிக்கும். கேரட்டை மசிச்சுக் குடுத்தா பக்கத்துல இருக்கற புள்ள காதுல வெக்கும். ராகிக் கூழு இருக்கே, அது துணியில காஞ்சா போகவே போகாதுங்க. அதுக்குத்தான் நான் கழுத்துத்துணி தெச்சேன். நீங்கல்லாம் பிப்புன்னு சொல்றீங்க. திருப்பூர்ல துணிக்கு என்ன பஞ்சம்? கட்டிங் வேஸ்ட்டு ஒரு மூட்டை வாங்கிட்டு வந்து, ரெண்டு மடிப்பு வெச்சு, இடுப்பு வரைக்கும் எறங்கற மாதிரி தெச்சேன். ஆளுக்கு ரெண்டு. நாடாவுக்கு, டிராக் பேண்ட்டுல இடுப்புக்குக் கோப்பாங்களே அந்தக் கயிறு. நல்ல கயிறுங்க. எவ்வளவு இழுத்தாலும் அறுந்து போகாது. அதுக்காகத்தான் அதை எடுத்தேன்.

அந்தத் துணி வந்ததுக்கப்புறம் ஒரு அம்மா ஒரு சொல்லு சொல்லலைங்க. மேடம் வாயாலயே, "ருக்கு, நீ கெட்டிக்காரி"ன்னாங்க.

அப்பத்தான் குனி வந்துச்சு. குனின்னா பேருங்க. மொத நாள் அவங்கம்மா புள்ளைய இறக்கி விட்டுட்டு, "குனி, குனி"ன்னாங்க. எதுக்கு என்னைக் குனியச் சொல்றாங்கன்னு நானும் குனிஞ்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது அது புள்ள பேருன்னு. ஒரிசாக்காரங்க. அம்மா பேரு சஞ்சுக்தா. இருபத்தி மூணு இருபத்தி நாலு வயசு இருக்கும். பனியன்ல ஓட்டை, பிசிறு பாக்கற செக்கிங்ல வேலை. வாயைத் தொறந்து பேச மாட்டாங்க. நான் ஏதாச்சும் சொன்னா தலைய ஆட்டுவாங்க. தமிழ் தெரியாதுன்னு நெனச்சேன். அவங்களுக்கு எதைச் சொல்லி என்ன புரியப் போகுதுன்னு நான் பெருசா சொல்லவும் மாட்டேன்.

குனிக்கு அப்ப ஒரு வயசும் ரெண்டு மாசமும். புதுசா நடக்க ஆரம்பிச்ச புள்ளை. ஒரு எடத்துல இருக்காதுங்க. கையைப் பின்னாடி கொண்டுபோயி நாடாவை இழுத்து இழுத்து அவுத்துப் போட்டுரும். அவுத்துட்டு என்னைப் பாத்துச் சிரிக்கும். அதனால குனிக்கு மட்டும் நான் ரெட்டை முடிச்சுப் போடுவேன். கழுத்தை இறுக்கறதில்லைங்க, சத்தியமா ரெண்டு விரல் நுழையும். முடிச்சுதான் ரெட்டை. மீதி நாடா ஒரு சாண் பின்னாடி தொங்கும். அந்த நுனியையும் புள்ள இழுக்கக் கூடாதுன்னு வளையம் மாதிரி கட்டி விட்டிருவேன்.

சாப்பாடு முடிஞ்சாலும் கழட்ட மாட்டேன். ஏன்னா, அதுக்கப்புறம்தான் தண்ணி குடிக்கும், கக்கும், எச்சில் ஒழுகும். கவுன்ல பட்டுருமே. தூங்கப் போட்டதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா கழட்டுவேன்.

அன்னைக்குப் பன்னெண்டரை இருக்கும். ஊட்டி முடிச்சாச்சு. மத்ததெல்லாம் பாயில சாஞ்சிருச்சுங்க. கூட வேலை செய்யற பொண்ணு லீவு. நான் தரையைத் தொடைச்சிட்டிருந்தேன். சோறு காஞ்சு தரையில ஒட்டியிருந்துச்சு, அதை நகத்தால சுரண்டிச் சுரண்டி எடுத்திட்டிருந்தேன். குனி என் முதுகுக்குப் பின்னாடி ஏதோ கதை பேசிட்டே சுத்திட்டிருந்துச்சு. த்த, த்த, த்தன்னு.

அந்தச் சமையக்கட்டு வாசல்ல மரக்கதவு பாத்தீங்களா, இடுப்பு உயரத்துக்கு? புள்ளைங்க அடுப்புக்கிட்டப் போகக் கூடாதுன்னு போட்டது. அப்ப அதுல உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்துச்சு, குமிழ் வெச்சது. இப்ப எடுத்தாச்சு. பக்கத்துல ஒரு சின்ன முக்காலி கெடந்துச்சு. நான்தான் போட்டிருந்தேன், காய் நறுக்க.

சத்தம் வந்து நான் திரும்பலைங்க. சத்தம் நின்னுதான் திரும்பினேன்.

அந்த த்த, த்த நின்னு எவ்வளவு நேரமாச்சுன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. திரும்பிப் பாக்கறேன், குனி கதவோட ஒட்டி நிக்குது. நிக்குதுன்னுதான் நெனச்சேன். முக்காலி சாஞ்சு கெடக்குது. காலு தரையில படலை. கட்டை விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டுத் தொட்டு வருது. முக்காலி மேல ஏறி எட்டிப் பாத்திருக்குது, பின்னாடி இருந்த வளையம் தோள் மேல சரிஞ்சு கதவுக்கு உள்பக்கம் அந்தக் குமிழ்ல மாட்டியிருக்குது, காலு வழுக்கிருச்சு. மொகம்... வேண்டாங்க. அந்த நெறத்தை நான் சொல்லலை.

ஓடிப் போயித் தூக்கினேன். ஒரு கையில தூக்கிப் புடிச்சிட்டு, இன்னொரு கையில வளையத்தை எடுக்கறேன், வரலை. முடிச்சை அவுக்கப் பாக்கறேன், எச்சில்ல நனைஞ்சு கல்லு மாதிரி ஆயிருச்சு. நகம் ரெண்டு பேந்துருச்சு. அறுந்து போகாத கயிறு பாத்து எடுத்தவ நான்தானே. காய் நறுக்கற கத்தி சமையல் திட்டு மேல இருந்துச்சு. அதை எட்டி எடுத்து, புள்ள கழுத்துக்கும் கயித்துக்கும் நடுவுல என் விரலை விட்டு, விரலோட சேத்து அறுத்தேன். இந்தத் தழும்பு அதுதான்.

கீழ படுக்கப் போட்டேன். அழலைங்க. கண்ணு பாதி தொறந்திருக்குது, அழலை. மொகத்துல ஊதினேன். முதுகுல தட்டினேன். "கண்ணு, கண்ணு, சாமி, அழுடா, அழுடா"ன்னு கத்தறேன். பாயில இருந்த புள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு அழுதுதுங்க. இது மட்டும் அழலை. பதினோரு புள்ளையில பத்து அழுதுட்டிருக்குது.

அப்புறம் ஒரு விக்கல். இன்னொண்ணு. அதுக்கப்புறம் அழுதுச்சுங்க. அப்படி ஒரு அழுகை.

அழுததும் நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? மொகத்தைத் தொடைச்சு விட்டேன். என் விரல்ல இருந்து ரத்தம் கவுன்ல பட்டிருந்துச்சு. அதைக் கழட்டி, சோப்புப் போட்டு அலசி, மாடியில காயப் போட்டேன். வெயில் நல்லா இருந்துச்சு, ஒரு மணி நேரத்துல காஞ்சிருச்சு. துளிக் கறை இல்லை.

கழுத்துல மட்டும் செவப்பா ஒரு கோடு. காதுக்குக் கீழ இருந்து காதுக்குக் கீழ வரைக்கும். பவுடர் போட்டேன். வேர்வையில கரைஞ்சு மறுபடியும் தெரியுது. மறுபடியும் போட்டேன். சாயங்காலம் வரைக்கும் அதையேதான் பண்ணிட்டிருந்தேன். புள்ளையத் தூங்க விடவே பயம். கண்ணை மூடினா உலுக்கி எழுப்புவேன். பாலைக் குடுத்தா முழுங்குதான்னு தொண்டையையே பாப்பேன். டாக்டருகிட்டக் கொண்டுபோயிருக்கலாமேன்னு கேப்பீங்க. தோணுச்சுங்க. போனா மேடத்துக்குத் தெரிஞ்சிருமே.

ஆறு மணிக்குச் சஞ்சுக்தா வந்தாங்க. புள்ளைய வாங்கினதும் கழுத்தைப் பாத்துட்டாங்க. என்னைப் பாத்தாங்க. நான், "வேர்க்குரு. வெயில் ஜாஸ்தி. பவுடர் போட்டிருக்கேன்"னு சைகையோட சொன்னேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டாங்க.

அடுத்த நாள் குனி வரலை. அதுக்கடுத்த நாளும் வரலை.

அந்த ரெண்டு நாளும் நான் இருந்த இருப்பு யாருக்கும் வரக் கூடாதுங்க. கேட்டு சத்தம் கேட்டா போலீஸுன்னு நெனப்பேன். போனு அடிச்சா புள்ளைக்கு ஏதோ ஆயிருச்சுன்னு நெனப்பேன். மத்த புள்ளைங்களுக்கு ஊட்டறப்ப, ஒரு புள்ளை செருமினா நான் எந்திரிச்சு ஓடிருவேன். மேடம், "என்ன ருக்கு, காய்ச்சலா?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன்.

ஞாயித்துக்கெழமை காலையில தாங்க முடியாம விசாரிச்சுட்டு அவங்க லைன் வீட்டுக்குப் போயிட்டேன். ஒரே ரூம்பு. வாசல் தொறந்திருந்துச்சு. உள்ள பாக்கறேன், குனி தரையில உக்காந்திருக்குது. ஒடம்புல ஒரு துணி இல்லை. முன்னாடி தட்டுல சோறும் பருப்பும். ரெண்டு கையாலயும் அள்ளி வயித்துல பூசிட்டிருக்குது. மூக்குல சோறு, முடியில சோறு. என்னைப் பாத்ததும் த்த, த்தன்னுச்சு. வாசல்லயே உக்காந்துட்டேன்.

சஞ்சுக்தா சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. அழுது அழுது மொகம் வீங்கிக் கெடந்துச்சு. என்னை வான்னும் சொல்லலை, போன்னும் சொல்லலை. அப்புறம் தமிழ்ல, தமிழ்லதாங்க, "அக்கா, வேர்க்குரு இப்படிக் கோடா வராது"ன்னாங்க.

நான் குனியோட கழுத்தைப் பாத்தேன். அவங்களே சொன்னாங்க.

"நான் அன்னிக்கே ஆஸ்பத்திரி போனேன். டாக்டர் பாத்தாங்க. பாப்பா நல்லா இருக்கு சொன்னாங்க. அப்புறம் கேட்டாங்க, இது யாரு பண்ணது? எனக்குத் தெரியாது சொன்னேன். தெரியாதுன்னா எப்படி, நீ அம்மாதானே சொன்னாங்க. போலீஸ் அம்மா வந்தாங்க. நீ பண்ணியா, உன் வீட்டுக்காரர் பண்ணாரா, பொண்ணு வேண்டாம்னு பண்ணியா. அவர் கையைப் பாத்தாங்க. என் கையைப் பாத்தாங்க. நாளைக்குத் திரும்ப வரணும்னு சொல்லிருக்காங்க."

அப்படியே என் பக்கம் திரும்பி, "பாப்பாவ எடுத்துக்குவாங்களா அக்கா?"ன்னாங்க.

பாருங்க, அந்த ரெண்டு நாளும் நான் என் பயத்தை மட்டும்தான் பாத்துட்டிருந்தேன். மூணு தெரு தள்ளி ஒருத்தி இப்படிப் பயந்துட்டு உக்காந்திருக்கான்னு எனக்குத் தோணவே இல்லைங்க.

"காப்பகத்துல விட்டேன்னு சொன்னியா?"ன்னு கேட்டேன்.

"சொல்லலை. சொன்னா மேடம் கோவத்துல கம்பெனில சொல்லிருவாங்க, வேலை போயிரும். அப்புறம் பாப்பாவ எந்தக் காப்பகத்துல சேப்பாங்க?"

சொல்லிட்டேங்க. அங்கயே, வாசல்ல உக்காந்துட்டே, முக்காலி, தாழ்ப்பாள், ரெட்டை முடிச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அடிப்பாங்கன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "எத்தனை நேரம் அப்படி இருந்துச்சு?"

"தெரியலை சாமி. நான் தரையைத் தொடைச்சிட்டிருந்தேன்"னேன்.

அவங்க எந்திரிச்சுப் போயி குனியைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. சோறு, பருப்பு எல்லாம் அவங்க நைட்டியில அப்பிக்கிச்சு. அதைத் தட்டி விடக் கூட இல்லை.

திங்கக்கெழமை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அந்தத் துணியையும் கயித்தையும் ஒரு பையில போட்டு எடுத்திட்டுப் போனேன். டாக்டரம்மா என்னைவிடச் சின்ன வயசு. ஒரு பொம்மை குடுத்து, எப்படிக் கட்டினேன்னு கட்டிக் காட்டச் சொன்னாங்க. என் கைக்கு முடிச்சு வரலைங்க. ஆயிரம் தடவை போட்ட முடிச்சு. "கழுத்துல கயிறு கட்டிப் புள்ளைய நடமாட விடலாமா? சாப்பாடு முடிஞ்சதும் கழட்டறதுக்கு என்ன?"ன்னு கேட்டாங்க. "கவுன்ல கறை படுமுங்க"ன்னேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. போலீஸம்மா எழுதிக்கிட்டு, என்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு, சஞ்சுக்தாவைப் பாத்து, "நீ போம்மா"ன்னாங்க. அவ்வளவுதான். ரெண்டு சொல்லு. அதைக் கேட்டதும் அந்தப் பொண்ணு அங்கயே பெஞ்சுல படுத்துட்டாங்க. நாலு நாளா தூங்கலையாம்.

மேடம்கிட்டயும் சொன்னேன். கதவைச் சாத்திட்டு, "நீ எதுக்கு நீயா போயிச் சொன்னே?"ன்னு கேட்டாங்க. மறுநாள் தாழ்ப்பாளை மாத்தினாங்க. எல்லாத் துணியிலயும் நாடாவை வெட்டிட்டு டிச் பட்டன் வெக்கச் சொன்னாங்க. இழுத்தா பட்டுன்னு விட்டுரும். என்னை நிறுத்தலை. ஆனா, வர்ற அம்மாங்ககிட்ட இதைப் பேசக் கூடாது, யாராச்சும் கேட்டா ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லணும்னாங்க. பெத்தவங்ககிட்டப் பொய் சொல்லச் சொல்றாங்க பாருங்க. எப்படித்தான் மனசு வருதோ.

நான் எல்லாருகிட்டயும் சொல்லிருவேன். கேட்டுட்டு நெறைய பேரு எந்திரிச்சுப் போயிருவாங்க. இப்ப ஆறு புள்ளைங்கதான் இருக்குது. ஏன் கொறைஞ்சுதுன்னு மேடத்துக்குப் புரியலை.

குனியா? வருதுங்க. உள்ள மூணாவது பாயில தூங்குது பாருங்க, அதுதான். பத்து நாள் கழிச்சுக் கொண்டுவந்து விட்டாங்க. நான் நம்பலை. "என்கிட்டயா விடறே?"ன்னு கேட்டேன். "வேற எங்க விடறது அக்கா?"ன்னாங்க. கோவமா சொல்லலை. உண்மையைச் சொன்னாங்க. அன்னைக்கு வேலைக்குப் போகாம மத்தியானம் வரைக்கும் இங்கயே நின்னு, நான் ஊட்டறதைப் பாத்தாங்க. கழுத்துல எதையும் கட்ட விடலை. புள்ள தலையில இருந்து காலு வரைக்கும் பருப்பு. நான் தொடைக்கப் போனா கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "இருக்கட்டும்"னாங்க.

அன்னையில இருந்து சாயங்காலம் வந்தா, புள்ளைய வாங்கறதுக்கு முன்னாடி, ஒத்தை விரல்ல மோவாயைத் தூக்கிக் கழுத்தைப் பாப்பாங்க. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்னாடி. ஒரு நாள் தவறினதில்லை. அது வரைக்கும் நான் எதுக்க நிப்பேன். ஒண்ணும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் பாத்து முடிச்சு, தலைய ஆட்டினாத்தான் எனக்கு மூச்சு வரும்.

போன வாரம் என்னாச்சுன்னா, மழை வர்ற மாதிரி இருந்துச்சு. அவசரமா வந்தாங்க, குனியைத் தூக்கி இடுப்புல வெச்சாங்க, "வரேன் அக்கா"ன்னுட்டுக் கெளம்பிட்டாங்க. பாக்கலை. கழுத்தைப் பாக்கவே இல்லைங்க. ஒரு வருசத்துல மொத தடவை.

சந்தோசப்படணும், இல்லைங்களா? நான் செருப்புக் கூடப் போடாம தெருவுல ஓடினேன். டீக்கடைக்கிட்டப் புடிச்சு நிறுத்தி, "பாத்துட்டுப் போ சாமி, பாத்துட்டுப் போ"ன்னு நானே புள்ள மோவாயைத் தூக்கிக் காட்டினேன். மழை விழ ஆரம்பிச்சிருச்சு. சஞ்சுக்தா சிரிச்சாங்க. "தெரியும் அக்கா, விடுங்க"ன்னாங்க.

நான் விடலைங்க. அவங்க குனிஞ்சு பாக்கற வரைக்கும் விடலை.